ஸ்கூப் வாங்கும் முன் மணலைப் பாருங்கள்

வாசகர் கேள்வி பதில்

கடற்கரையில் மெட்டல் டிடெக்டர் வைத்துத் தேடுபவர்களிடமிருந்து வந்த கேள்விகள் இந்த முறை பெரும்பாலும் ஒரே பொருளைப் பற்றித்தான், மணலை அள்ளி ஓட்டைகள் வழியே சலிக்கும் ஸ்கூப். டிடெக்டருக்குக் கொடுக்கும் கவனத்தில் கால்வாசியைக்கூட இதற்குக் கொடுக்காமல் கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு போகிறவர்கள்தான் அதிகம் என்பதால், இந்த இதழின் பக்கம் முழுவதையும் இதற்கே ஒதுக்கிவிட்டேன்.

கே: டிடெக்டரோடு ஒரு சின்ன பிளாஸ்டிக் ஸ்கூப் சேர்ந்து வந்தது. அதுவே போதுமா, இல்லை நீளப் பிடி வைத்த எவர்சில்வர் ஸ்கூப் வாங்கத்தான் வேண்டுமா? பெரிதாக வாங்கிவிட்டு மூலையில் போட்டுவிடுவேனோ என்று யோசனையாக இருக்கிறது.

ப: நீங்கள் எந்த இடத்தில் நின்று தோண்டப்போகிறீர்கள் என்று எழுதவில்லையே. காய்ந்த மணலா, அலை வந்து நனைத்துவிட்டுப் போகும் ஈர மணலா, முழங்கால் தண்ணீரா? இந்த மூன்றும் மூன்று வேலை. மணல் துகள் என்பது அதிகபட்சம் 2 மில்லிமீட்டர்தான், அதற்கு மேல் போனால் அது பொடிக்கல். அப்படியென்றால் எந்த ஸ்கூப்பின் ஓட்டையும் துகளைவிடப் பல மடங்கு பெரிது, பிறகு ஏன் ஈர மணல் மட்டும் கட்டியாக உட்கார்ந்துகொண்டு இறங்க மறுக்கிறது? ஈர மணலில் துகளுக்கும் துகளுக்கும் நடுவே மெல்லிய நீர்ப்படலம் இருக்கிறது, அது துகள்களை ஒன்றோடு ஒன்று இழுத்துப் பிடிக்கிறது. முழுக்கக் காய்ந்துவிட்டால் படலம் இல்லை, முழுக்கத் தண்ணீரில் மூழ்கிவிட்டாலும் படலம் இல்லை, எல்லாம் தண்ணீர்தான். அதனால் காய்ந்த மணலும் தண்ணீருக்குள் இருக்கும் மணலும் சரசரவென்று இறங்கிவிடும், நடுவில் இருக்கும் ஈர மணல்தான் உயிரை வாங்கும்.

காய்ந்த மணலில் மட்டும் தேடப்போகிறீர்கள் என்றால் உங்களிடம் இருக்கும் பிளாஸ்டிக் ஸ்கூப் தாராளமாகப் போதும், உண்மையில் அங்கே அதுதான் நல்லதும்கூட, ஏனென்றால் அள்ளிய ஸ்கூப்பை அப்படியே காயிலுக்கு (டிடெக்டரின் அடியில் உலோகத்தை உணரும் தட்டையான தலை) மேலே ஆட்டிப் பார்த்துப் பொருள் உள்ளே வந்துவிட்டதா என்று தெரிந்துகொள்ளலாம், இரும்பு ஸ்கூப்பில் இது நடக்காது. ஈர மணலுக்குப் போனால் பிளாஸ்டிக் வளையும், இரண்டு சாண் ஆழம் போவதற்குள் கை ஓய்ந்துவிடும். தண்ணீருக்குள் என்றால் நீளப் பிடியும் காலால் மிதித்து இறக்கப் பின்புறம் குதிகால் தகடும் இல்லாமல் காரியம் நடக்காது. ஆகவே முதலில் சில வாரம் காய்ந்த மணலில் பழகுங்கள், அப்புறம் உங்கள் கால் எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்து வாங்குங்கள்.

கே: ஓட்டை எத்தனை மில்லிமீட்டர் இருக்க வேண்டும்? ஒருவர் 8 என்கிறார், இன்னொருவர் 16 என்கிறார். நான் மோதிரம் தேடுகிறேன், கிடைத்தால் கம்மலும் வேண்டும்.

ப: இரண்டு பேருமே அவரவர் மணலுக்குச் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார்கள். உங்கள் கேள்வியின் கடைசி வரியில்தான் சிக்கல் இருக்கிறது. மோதிரத்தை எந்தப் பக்கம் திருப்பினாலும் அதன் வெளிவிட்டம் மாறப்போவதில்லை, பெரியவர்களின் மோதிரம் சுமார் 20 மில்லிமீட்டர் இருக்கும் என்பதால் 12 என்ன, 16 மில்லிமீட்டர் வட்ட ஓட்டையில்கூட அது நழுவாது. கம்மல் அப்படியில்லை. அதன் தண்டு ஊசி மாதிரி, தலையும் பெரும்பாலும் ஐந்தாறு மில்லிமீட்டருக்குள்தான், அது 8 மில்லிமீட்டர் ஓட்டையிலும் போகும். மெல்லிய சங்கிலி எந்த ஓட்டையிலும் பாம்பு மாதிரி இறங்கிவிடும். ஆகவே கம்மலுக்காக ஓட்டையைச் சிறிதாக்கினால் கம்மலும் நிச்சயமில்லை, மோதிரம் தேடும் வேகமும் போய்விடும். கம்மல் வேண்டுமென்றால் அதற்குத் தனியாக 4 அல்லது 5 மில்லிமீட்டர் ஓட்டையோடு ஒரு சின்னக் கை ஸ்கூப் வைத்துக்கொண்டு காய்ந்த மணலில் மட்டும் தேடுங்கள்.

சரி, வேகம் எங்கே போகிறது? தகட்டில் எவ்வளவு பங்கு திறந்திருக்கிறது என்பதுதான் கணக்கு. இரண்டு ஓட்டைகளுக்கு நடுவே 4 மில்லிமீட்டர் தகடு விட்டு, வரிசைகளை ஒன்றுவிட்டு ஒன்று தள்ளி வைத்தால், 8 மில்லிமீட்டர் ஓட்டையில் சுமார் 40 சதவீதமும் 12 மில்லிமீட்டர் ஓட்டையில் சுமார் 51 சதவீதமும் திறந்திருக்கும். அதே 12 மில்லிமீட்டரைத் தள்ளி வைக்காமல் நேர் வரிசையில் போட்டால் 44க்கு இறங்கிவிடும். அறுகோண ஓட்டை இன்னும் நல்லது, நடுவில் விடும் தகடு எல்லா இடத்திலும் ஒரே அகலத்தில் நிற்கும். ஆனால் அதைக் கையால் போட முடியாது, லேசர் கட்டிங்தான்.

என் தேர்வைக் கேட்டால், ஈர மணலுக்கும் தண்ணீருக்கும் 12 மில்லிமீட்டர், கரையில் சிப்பியும் கூழாங்கல்லும் அதிகம் இருந்தால் 14 வரை போகலாம். குழந்தைகள் போடும் மோதிரம் 15 மில்லிமீட்டர் அளவிலும் இருக்கும், அதனால் 16 ஓட்டையை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். இன்னொன்று, நீளமான பிளவு மாதிரி வெட்டிய ஸ்கூப்களை வாங்கவே வாங்காதீர்கள். பார்க்க அழகாக இருக்கும், மணலும் சீக்கிரம் இறங்கும், ஆனால் நாணயமும் மோதிரமும் விளிம்பு வாட்டத்தில் திரும்பினால் போதும், வெறும் 3 மில்லிமீட்டர் அகலப் பிளவில் வழுக்கிக்கொண்டு போய்விடும். இதை வீட்டிலேயே ஒரு நாணயத்தைப் போட்டு ஆட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

கே: என் ஸ்கூப்பின் பிடி மணல் தங்கும் கூடையோடு சேரும் இடத்தில் விரிசல் விட்டுவிட்டது. வெல்டிங் வைத்தோம், மறுபடியும் அதே இடத்தில் விட்டது. தகடு 2 மில்லிமீட்டர், நல்ல கனம்தான்.

ப: தகட்டைக் குறை சொல்ல வேண்டாம். பிடி 120 சென்டிமீட்டர், கூடையின் வாயிலிருந்து குதிகால் வரை 25 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் பிடியின் மேல் முனையில் கொடுக்கும் அழுத்தம் கூடையின் வாயில் கிட்டத்தட்ட ஐந்து மடங்காக இறங்குகிறது, அந்தப் பளு முழுவதையும் நடுவில் தாங்குவது அந்த ஒரே ஒரு வெல்டிங் வரி. கூடையில் இருப்பதும் கொஞ்சமில்லை. 15 சென்டிமீட்டர் விட்டம், 20 சென்டிமீட்டர் நீளமுள்ள கூடை மூன்றரை லிட்டர் கொள்ளும், நனைந்த மணல் என்றால் சுமார் 7 கிலோ.

அதே இடத்தில் மறுபடியும் வெல்டிங் வைப்பதில் பயனில்லை. பிடியின் குழாயைக் கூடையின் பின்புறத்தில் ஒரு இடத்திலும், கூடையின் மேல் வளைவில் முன்பக்கமாக இன்னொரு இடத்திலும் சேருங்கள். இரண்டு புள்ளியில் பிடிப்பு இருந்தால் ஆட்டம் நின்றுவிடும். முடியாவிட்டால் குழாய்க்கும் கூடைக்கும் நடுவே முக்கோணமாக ஒரு 3 மில்லிமீட்டர் தகட்டுத் துண்டை வைத்து ஒட்டச் சொல்லுங்கள். புதிதாக வாங்குகிறவர்களும் பளபளப்பைப் பார்ப்பதை விட்டுவிட்டு இந்தக் கழுத்தைத்தான் முதலில் பார்க்க வேண்டும். அப்புறம், தோண்டும்போது கடப்பாரை மாதிரி நெம்பாதீர்கள். மிதித்து இறக்குங்கள், பிடியைப் பின்னால் சாயுங்கள், வரவில்லை என்றால் வெளியே எடுத்துவிட்டு மறுபடி இறக்குங்கள்.

கே: எவர்சில்வரில் 304, 316 வகைகள், அலுமினியம், டைட்டானியம், துத்தநாகம் பூசிய ஜி.ஐ. இரும்பு என்று ஆளாளுக்கு ஒன்று சொல்கிறார்கள். விற்பவர் 316 என்று சொல்வதை எப்படிச் சோதிப்பது? காந்தம் வைத்தால் தெரியுமா?

ப: காந்தம் பாதி பதில்தான் சொல்லும். நன்றாக இழுத்துப் பிடித்தால் அது 304ம் இல்லை 316ம் இல்லை, மலிவான வேறு வகை. ஒட்டவில்லை என்றால் இரண்டில் எது என்று காந்தத்தால் பிரிக்க முடியாது. தகட்டை வளைத்த இடத்தில் 304 லேசாக ஒட்டும், அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். 316ல் மாலிப்டினம் என்ற உலோகம் 2 முதல் 3 சதவீதம் சேர்ந்திருக்கிறது, உப்புத் தண்ணீர் தகட்டில் புள்ளி புள்ளியாக அரிப்பதை அது தடுக்கிறது. தினமும் கடலுக்குள் இறங்குகிறவர் 316க்குப் போகலாம். மற்றவர்களுக்கு 304 போதும், ஒவ்வொரு முறையும் நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும், அவ்வளவுதான்.

அலுமினியத்தின் எடை எவர்சில்வரில் மூன்றில் ஒரு பங்குதான், தோளுக்குச் சுகம். ஆனால் முனை சீக்கிரம் மழுங்கும். அதில் எவர்சில்வர் போல்ட் போட்டால் உப்புத் தண்ணீரில் இரண்டு உலோகமும் சேர்ந்து பேட்டரி மாதிரி வேலை செய்து அலுமினியம் வெள்ளைப் பொடியாக அரிக்கும். நைலான் வாஷர் போட்டு, கிரீஸ் தடவி மாட்டினால் தாங்கும். டைட்டானியம் இந்த எல்லாவற்றையும்விட நல்ல பொருள், துருவே கிடையாது, எடையும் எவர்சில்வரில் பாதியைவிடச் சற்றுதான் அதிகம். ஆனால் அதை வெல்டிங் செய்யத் தெரிந்த ஆள் வேண்டும், பட்டறையில் கேட்டதும் நடக்கிற காரியமில்லை. ஜி.ஐ. பற்றி ஒன்று மட்டும் அழுத்திச் சொல்கிறேன். துத்தநாகப் பூச்சு இருக்கும் குழாயை அப்படியே வெல்டிங் செய்தால் வரும் வெள்ளைப் புகையைச் சுவாசித்தவருக்குச் சில மணி நேரம் கழித்துக் குளிரும் காய்ச்சலும் வரும். பூச்சை முழுவதும் தேய்த்து எடுத்துவிட்டு, காற்றோட்டமான இடத்தில்தான் செய்ய வேண்டும்.

கே: செலவில்லாமல் வீட்டிலேயே ஒன்று செய்துகொள்ள வழி உண்டா?

ப: தாராளமாக. காய்ந்த மணலுக்கு என்றால் 110 மில்லிமீட்டர் பிவிசி குழாய் ஒரு முழம் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு முனையைச் சாய்வாக, கலப்பை முனை மாதிரி வராமல் அகலமான நாக்கு மாதிரி வரும்படி ரம்பத்தால் அறுங்கள். மறுமுனையில் எண்ட் கேப் என்ற மூடியைப் பிவிசி ஒட்டும் பசையால் ஒட்டிவிடுங்கள். திருகு போட ஆசை வரும், போடாதீர்கள், ஒரே ஒரு திருகு இருந்தாலும் காயிலுக்கு மேலே ஆட்டிப் பார்க்கிற வசதி போய்விடும். கைப்பிடிக்கு அதே குழாயிலிருந்து நீளமான பட்டை ஒன்று அறுத்து, கொதிக்கும் தண்ணீரில் முக்கி வளைத்து, மேலே ஒட்டுங்கள், அல்லது நைலான் போல்ட் போடுங்கள். ஓட்டைகளை டிரில்லால்தான் போட வேண்டும். காய்ச்சிய கம்பியால் சுட்டுப் போட்டால் வேலை சீக்கிரம் முடியும் என்பார்கள், கருகும் பிவிசியிலிருந்து வரும் புகை அமிலப் புகை, கண்ணுக்கும் நுரையீரலுக்கும் கெடுதல். நாக்கின் விளிம்பை அரத்தால் உள்பக்கமிருந்து தேய்த்துக் கூராக்குங்கள். இதை மிதிக்க முடியாது, வெயிலில் வருடக்கணக்கில் கிடந்தால் உடையும், ஆனால் காய்ந்த மணலில் இதைவிட வேகமாக அள்ளும் பொருளை நான் பார்த்ததில்லை.

கே: எனக்குப் பட்டறை வேலை தெரியும். எவர்சில்வர் தகடு எடுத்து நானே நீளப் பிடி ஸ்கூப் செய்யப்போகிறேன். இரண்டு டிரில் பிட் எரிந்து போயிற்று. எங்கே தப்பு?

ப: வேகத்தில். எவர்சில்வரை வேகமாகச் சுற்றி லேசாக அழுத்தினால் பிட் அறுக்காமல் உரசும், உரசிய இடம் இறுகிக் கல்லாகிவிடும், அதற்கப்புறம் எந்த பிட்டும் போகாது. 12 மில்லிமீட்டர் பிட்டுக்கு நிமிடத்துக்கு 300 சுற்றுக்கு மேல் வேண்டாம், எண்ணெய் விட்டுக்கொண்டே இருங்கள், அழுத்தினால் விடாமல் அழுத்துங்கள், சுருள் சுருளாகச் சீவல் வந்தால் சரியாகப் போகிறது என்று அர்த்தம், மாவு மாதிரி வந்தால் நிறுத்திவிடுங்கள். முதலில் காகிதத்தில் ஓட்டை வரிசையை வரைந்து தகட்டில் ஒட்டி, ஒவ்வொரு மையத்திலும் பஞ்ச் அடித்து, 4 மில்லிமீட்டர் பிட்டால் வழி போட்டு, பிறகு பெரிய பிட்.

தகடு தட்டையாக இருக்கும்போதே எல்லா ஓட்டையும் போட்டுவிட வேண்டும், உருட்டிய பிறகு பிட் வழுக்கும். தகடு 1.5 மில்லிமீட்டர் போதும், 2 எடுத்தால் எடை மூன்றில் ஒரு பங்கு கூடும், அந்தப் பலம் எல்லா இடத்திலும் தேவையில்லை. தேவைப்படுகிற இடம் வாய் மட்டும்தான். அங்கே நான்கு, ஐந்து சென்டிமீட்டர் அகலத்துக்கு 3 மில்லிமீட்டர் பட்டையை வைத்து ஒட்டுங்கள், வாயிலிருந்து மூன்று சென்டிமீட்டர் வரை ஓட்டையே போடாதீர்கள். பிசிறை இரண்டு பக்கமும் எடுக்க வேண்டும். உள்பக்கப் பிசிறை விட்டுவிடுகிறவர்கள் உண்டு, பிறகு மணலைத் துழாவும்போது விரல் கிழிகிறது, கிடைத்த சங்கிலியும் அதில் மாட்டிக்கொண்டு அறுகிறது.

பிடியின் சாய்வை வெல்டிங் வைக்கும் முன் அட்டையில் வெட்டிப் பாருங்கள். நீங்கள் வழக்கமாக நிற்கிறபடி நின்று, பிடியைப் பிடித்து, குதிகாலில் கால் வைத்தால், வாய் ஏறக்குறைய நேராக மணலில் இறங்க வேண்டும். பிடியைப் பின்னால் சாய்த்தால் கூடையின் வாய் மேல்நோக்கித் திரும்பி, மணல் கொட்டாமல் நிற்க வேண்டும். இந்த இரண்டும் ஒரே சாய்வில் கிடைத்தால் அதுதான் உங்கள் உயரத்துக்கான சாய்வு, இன்னொருவரின் ஸ்கூப்பிலிருந்து அளவெடுத்தால் வராது. பிடியின் நீளம் இடுப்புக்குச் சற்று மேல் வரை. வெல்டிங் வைத்த இடத்தில் நீலமும் பழுப்புமாக நிறம் ஏறியிருக்கும், துரு அங்கேதான் பிறக்கும், அதை எவர்சில்வர் பிரஷால் தேய்த்து எடுங்கள். சாதாரண இரும்பு பிரஷ் வேண்டாம், அதன் துகள் தகட்டில் பதிந்து அதுவே துருப்பிடிக்கும்.

கே: தண்ணீருக்குள் டிடெக்டரின் சத்தம் கேட்கிறது, அள்ளினால் பொருள் இல்லை, மறுபடி அள்ளினால் சத்தமே போய்விடுகிறது. என்ன செய்வது?

ப: முதல் அள்ளலிலேயே பொருளின் மேல்மணலை மட்டும் எடுத்துவிட்டுக் குழியைக் கலக்கிவிடுகிறீர்கள். தண்ணீருக்குள் குழியின் ஓரம் நிற்காது, சரிந்து மூடும், கனமான பொருள் அந்தக் குழம்பில் இன்னும் கீழே இறங்கும். தங்கம் தண்ணீரைப்போல 19 மடங்கு கனம், மணல் குழம்பில் அது நிற்குமா?

சத்தத்தின் நடுவைப் பிடித்ததும் காயிலை அசைக்காமல், உங்கள் பக்கத்து விளிம்பில் கால் கட்டைவிரலை ஒட்டி வையுங்கள். இப்போது காயிலை எடுத்துவிடலாம், இடத்தைக் கால் காட்டுகிறது. ஸ்கூப்பின் வாயைக் கட்டைவிரலுக்கு முன்னால் இறக்கி மற்றக் காலால் மிதியுங்கள். தடித்த அடிப்பாகமுள்ள காலணி இல்லாமல் இதைச் செய்யவே கூடாது, வாய்த் தகடு கத்தி மாதிரி. முழு ஆழம் இறங்கிய பிறகுதான் சாய்க்க வேண்டும். ஸ்கூப்பை முழுக்கத் தூக்காதீர்கள், கூடை பாதி தண்ணீரில் இருக்கும்படியும் வாய் தண்ணீருக்கு மேலே இருக்கும்படியும் பிடித்து ஆட்டினால் மணல் தானாக இறங்கும், பளுவும் தெரியாது, மெல்லிய பொருள் வாய் வழியாக மிதந்து போகவும் போகாது. ஆட்டும் முன் ஸ்கூப்பைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு காயிலைக் குழியில் ஒருமுறை ஓட்டுங்கள். சத்தம் இல்லையென்றால் பொருள் கூடையில்.

கே: ஸ்கூப்பைக் கீழே வைத்தாலே டிடெக்டர் கத்துகிறது. கோளாறா?

ப: இல்லை. அது உலோகம், டிடெக்டர் அதன் வேலையைச் செய்கிறது. ஸ்கூப்பைப் பின்னால் இழுத்துக்கொண்டு நடங்கள், காயிலிலிருந்து ஒரு மீட்டருக்கு மேல் தள்ளியே இருக்கட்டும்.

கே: தோண்டும்போது துருப்பிடித்த, குண்டு மாதிரி உருவமுள்ள கனமான இரும்பு கிடைத்தால்?

ப: தொடாதீர்கள், ஸ்கூப்பால் தட்டிப் பார்க்காதீர்கள். இடத்தை அடையாளம் வைத்துக்கொண்டு தள்ளிப் போய்க் காவல்துறைக்குச் சொல்லுங்கள். ஆமை முட்டையிடும் காலத்தில் காய்ந்த மணலில் தோண்டுவதையும் விட்டுவிடுங்கள். எந்தக் கரையில் தேட அனுமதி உண்டு, கிடைத்த பழம்பொருளை யாரிடம் ஒப்படைக்க வேண்டும் என்பதெல்லாம் இடத்துக்கு இடம் மாறும், போகும் முன் கேட்டுக்கொள்ளுங்கள்.

கே: என் எட்டு வயது மகளும் கூட வருகிறாள். அவளுக்கும் ஒரு ஸ்கூப் வேண்டுமாம். எது கொடுக்கலாம்?

ப: மேலே சொன்ன பிவிசி ஸ்கூப்பையே 75 மில்லிமீட்டர் குழாயில் செய்து கொடுங்கள், நாக்கின் விளிம்பைக் கூராக்காமல் உருட்டி விடுங்கள். ஓட்டை 6 மில்லிமீட்டர் போதும், அவள் அள்ளுவது கொஞ்சம் மணல்தான், பொறுமையாகச் சலிப்பாள், உங்கள் 12 மில்லிமீட்டர் ஓட்டையில் நழுவும் சின்னப் பொருள்கள் அவளுக்குக் கிடைக்கும். காய்ந்த மணலோடு நிறுத்திக்கொள்ளட்டும். தோண்டிய ஒவ்வொரு குழியையும் மூடிவிட்டுத்தான் அடுத்த சத்தத்துக்குப் போக வேண்டும் என்பதை முதல் நாளே பழக்குங்கள், இருட்டிய பிறகு கரையில் நடப்பவர் கால் வைத்தால் கணுக்கால் பிசகிவிடும்.